பத்துக் கிலோ இலவம்பஞ்சு: ஓராண்டு படுத்துப் பார்த்தபின்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எந்த விமர்சனத்தைப் படித்தாலும் நான் விலையைத் தேடிக்கொண்டு கீழே கீழே போவேன். அது கடைசி வரிக்கு முந்தின வரியில் ஒளிந்திருக்கும். மூன்றடி அகலம், ஆறேகால் அடி நீளத்தில் ஒரு மெத்தை, கூடவே இரண்டு தலையணை. பஞ்சு கிலோ 260 ரூபாய். மெத்தைக்குப் பத்துக் கிலோ 2,600, துணி ஆறு மீட்டர் 570, தையல் கூலி 600. தலையணைக்குப் பஞ்சு இரண்டு கிலோ 520, துணியும் கூலியுமாக 120. ஆக மொத்தம் 4,410. கடைக்காரர் பத்து ரூபாயைத் தள்ளிவிட்டு 4,400 வாங்கிக்கொண்டார். இது 2024 சித்திரையில் எனக்கு ஆன செலவு. நான் கருவூலத்தில் முப்பத்தோரு வருஷம் பில் பார்த்தவள். கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்களும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை கடலூர் முதுநகரில், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. உள்ளூரில் ஓ.டி. என்றால்தான் சட்டென்று புரியும். பெயர்ப் பலகை கிடையாது. கோடு போட்ட மெத்தைத் துணி சுருள் சுருளாக வாசலில் சாய்ந்து நிற்கும், அதுதான் அடையாளம். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் அவர் பாய். மெத்தை விற்கிறவரைப் பாய் என்று கூப்பிடுவதில் உள்ள வேடிக்கையை அவரே சொல்லிச் சிரிப்பார். நாற்பது வருஷமாகச் சொல்லியிருப்பார். சிரிப்பு மட்டும் அன்றைக்குத்தான் தோன்றியது போல இருக்கும்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல, இன்னொரு மெத்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

2023இல் நான் ஓய்வு பெற்றபோது என் மகள் சென்னையிலிருந்து ஒரு மெமரி ஃபோம் மெத்தை வாங்கி அனுப்பினாள். 17,500 ரூபாய். ஒரு அட்டைப் பெட்டியில் பாய் மாதிரி சுருட்டி வந்தது. உறையைக் கிழித்ததும் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் வந்தார்கள். 1966இல் அமெரிக்காவின் நாசாவுக்காகக் கண்டுபிடித்த ஃபோம் இது, விமான இருக்கைக்காக, என்று மாப்பிள்ளை போனில் விளக்கினார். நாசாக்காரர்கள் எங்கள் புதுப்பாளையத்து வீட்டில் கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஃபோம் உடம்புச் சூடு பட்டால் இளகும்; இளகி, நம்முடைய உருவத்துக்குக் குழிந்துகொள்ளும். பத்து நிமிஷம் சுகம்தான். பிறகு புரண்டு படுக்க வேண்டுமென்றால் அந்தக் குழியிலிருந்து ஏறி வர வேண்டும். முட்டிவலிக்காரிக்கு அது ஒரு வேலை. அதைவிடப் பெரிய தொல்லை சூடு. கடலூரில் சித்திரை வைகாசி இரவில் காற்று நின்றுவிடும். வெயில் போனாலும் கசகசப்பு போகாது. முதுகுக்குக் கீழே நாமே ஏற்றிய சூடு போக வழியில்லாமல் நம்மிடமே திரும்பி வரும். ஏசி இருக்கிறது. ஆனால் பதினோரு மணிக்கு மேல் ஓடினால் இவருக்கு மூக்கடைப்பு, எனக்குக் கரன்ட் பில் அடைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, வெறும் தரையில் புடவையை விரித்துப் படுத்துக்கொள்வேன்.

அப்படித் தரையில் படுத்திருந்த ஒரு ராத்திரிதான் என் மாமியார் ஞாபகம் வந்தது.

அத்தைக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. கல்யாணச் சீராக வந்தது, எத்தனையோ தடவை பிரித்து அடித்துத் தைத்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓடு மொத்தமும் போயிற்று. மெத்தை இரண்டு நாள் மழையில் கிடந்தது. மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தால் தண்ணீரும் சேறும் கட்டி கட்டியாக. தெருவில் விழுந்து கிடந்த மரங்களோடு அதையும் போட்டேன். அதற்குப் பிறகு அத்தைக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஃபோம் மெத்தை. அந்தக் காலத்து ஃபோம், மஞ்சளாக, கடிக்கிற வாசனையோடு.

"வெந்நீர்ப் பானை மேல படுத்த மாதிரி இருக்குதும்மா" என்பார் அத்தை. நான் ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் இருப்பேன். கொஞ்ச நாளில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். மெத்தைக்குக் கீழே, தரையில், கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வேன்: "ஐயாயிரம் ரூபா மெத்தை மேல இருக்கு, மகாராணி கீழ இருக்காங்க." 2019இல் அவர் போகும் வரை அந்த மெத்தை புதுசாகவே இருந்தது.

சரி. இதெல்லாம் கடையின் மேல் உள்ள குறை இல்லை. கடைக்கு வருகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு இடங்களில் ஏமாற இருந்தேன். ஒரு இடத்தில் சுத்தமான இலவம்பஞ்சு என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு டபுள் மெத்தை காட்டினார்கள். ஓரத்தில் ஒரு விரல் விட்டுப் பிரித்தால் உள்ளே பனியன் கம்பெனிக் கழிவு நூல், கலர் கலராக. இன்னொரு இடத்தில் பஞ்சு வெள்ளையாகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிக வெள்ளை. இலவம்பஞ்சு அப்படி இருக்காது. அது பழைய பட்டுவேட்டி நிறம், லேசான மினுமினுப்பு, தொட்டால் விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும். பருத்திப் பஞ்சு விரலைப் பிடித்துக்கொள்ளும். இது பிடி கொடுக்காது. அதனால்தான் இதை நூலாக நூற்க முடிவதில்லை. நூற்க வராத பஞ்சுக்கு மெத்தையும் தலையணையும்தான் கதி.

பாயிடம் நேராகவே கேட்டேன். "கலப்படம் இல்லன்னு நான் எப்படி நம்புறது?"

அவர் கோபப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து உருண்டையாக அமுக்கி, தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டுப் பிடித்துக்கொண்டார். நூறு எண்ணும் நேரம் இருக்கும். விட்டதும் உருண்டை மேலே வந்து நின்றது. உதறிப் பிரித்துக் காட்டினார். மேல் தோலில் மட்டும் ஈரம். நடுவில் விரல் வைத்தால் காய்ந்த பஞ்சு.

"உங்க ஊரு அப்பரைக் கல்லக் கட்டிக் கடல்ல போட்டாங்க இல்ல? மெதந்து வந்து நம்ம திருப்பாப்புலியூர்லதான கரையேறுனாரு? கல்லுக்குப் பதிலா இதக் கட்டியிருந்தாங்கன்னா அதிசயமே இல்லாம போயிருக்கும்."

வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம் என்று ஒரு இடமே இருக்கிறது. பிறந்தது முதல் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கோணம் தோன்றியதில்லை. பஞ்சின் ஒவ்வொரு நாரும் உள்ளே காலியான குழாய், மேலே மெழுகுப் பூச்சு, அதனால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை. பிளாஸ்டிக் நுரை வருவதற்கு முன்பு கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்திருக்கிறார்கள். நாசாவுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளைக்கு அன்றைக்கே போன் செய்தேன்.

பஞ்சு போடியிலிருந்து வருவதாகச் சொன்னார். மாசி பங்குனியில் காய் வெடிக்கத் தொடங்கும், சித்திரை வைகாசியில் புதுப் பஞ்சு கடைக்கு வந்துவிடும். மெத்தை போட அதுதான் காலம். ஐப்பசியில் போய்க் கேட்டால் மிச்சம் மீதிதான் இருக்கும், அதுவும் மழை ஈரம் ஏறியிருக்கும். இன்னொன்று, விதை. கறுப்பாக, மிளகு அளவில் இருக்கும். சரியாக அடிக்காத பஞ்சில் விதை தங்கிவிடும். படுத்தால் முதுகில் உறுத்தும், அதைத் தேடி எலி வரும் என்றார் பாய். ஒரு கறுப்புக் குடைத் துணியை விரித்து அதன் மேல் பஞ்சைத் தூவிக் காட்டினார். கறுப்புத் துணியில் கறுப்பு விதை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "வெள்ளத் துணி எடுத்தாடா" என்றார்.

நாலு நாளில் தருகிறேன் என்றார், பதினொன்றாம் நாள் வந்தது. இந்த இடத்தில் கிளியைப் பற்றி ஒரு வரி எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எட்டாம் நாள் கடைக்கே போய் நின்றபோது பாயே அதைச் சொல்லிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் அன்றைக்குப் போனது நல்லதாயிற்று. என் மெத்தைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஒரு சின்ன அறை, சன்னலில் கொசுவலை அடித்து மூடியிருந்தது. விசிறி கிடையாது, போட்டால் அவ்வளவுதான். இரண்டு பேர் மூக்கும் வாயும் மறைய ஈரத் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். புருவமும் கண்ணிமை மயிரும் வெள்ளை. ஒருவருக்கு முப்பது வயசு இருக்கும், பார்க்க அறுபது போல இருந்தார். மெஷினில் அடிபட்டு வெளியே வருகிற பஞ்சு பொங்கலுக்குப் பால் பொங்குகிற மாதிரி மெதுவாக மேலே மேலே எழும்பி, கூடையின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. பத்துக் கிலோ என்றால் அரிசி மூட்டை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்துக் கிலோ அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

துணி உறையின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். முதலில் நான்கு மூலை. கைப்பிடி கைப்பிடியாக எடுத்து மூலையில் வைத்து, ஒரு மூங்கில் துண்டால் குத்திக் குத்தி இறுக்குகிறார்கள். "மூல நெறஞ்சா மெத்த நெறஞ்ச மாதிரி" என்றார் பாய். மூலையில் சோம்பல்பட்டால் ஆறு மாசத்தில் மெத்தை நடுவில் மட்டும் மேடாகி ஓரம் தொங்கிவிடுமாம். பிறகு நடுப்பகுதி. பிறகு வாயைத் தைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிரம்பால் மாற்றி மாற்றி அடித்தார்கள், உரலில் இரண்டு உலக்கை போடுகிற தாளத்தில். கடைசியாக ஒரு முழ நீள ஊசி. மேலிருந்து ஒருவர் குத்துவார், கீழே படுத்திருப்பவர் முனையைப் பிடித்து இழுத்துத் திருப்பிக் குத்துவார். துணி கிழியாமல் இருக்க முடிச்சுக்கு அடியில் ஒரு சின்னத் துணி உருண்டை. ஒரு சாணுக்கு ஒரு குத்து. ஊசி போகும்போது மெத்தை மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் வரும். ஆயிரம் தடவை இதைக் கேட்டிருப்பவர்கள் அதற்குக் காது கொடுக்கவில்லை. நான் எழுந்து போக மனசில்லாமல் ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டியபோது துண்டு முழுக்கப் பஞ்சு.

மெத்தை குட்டி யானையில் ஏறி வந்தது. இறக்கி, கட்டிலில் போட்டதும் இவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் முக்கால் அடி உயரம், இரண்டு பக்கமும் சரிவு. பிள்ளையார் வயிறு. முதல் ராத்திரி நான் அதன் மேல் படுக்கவில்லை, ஏறினேன். நடுவில் படுத்தால் இடது பக்கம் சரியும், திருத்திக்கொண்டால் வலது பக்கம். ஒரு வாரம் சுவர்ப்பக்கம் தலையணை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். கடைக்குப் போன் செய்தால், "ஒரு மாசம் பொறுங்கம்மா, மெத்த உங்களப் பழகணும்" என்றார்கள். எனக்கு அது சால்ஜாப்பாகத்தான் பட்டது. ஆனால் ஒரு மாசத்தில் அரையடிக்கும் கீழே இறங்கிச் சமமாகிவிட்டது. இரண்டு மாசத்தில் நாலு விரற்கடை. அதற்குப் பிறகு இன்றுவரை அதே உயரம்.

படுத்தால் எப்படி இருக்கிறது? குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், சூடு ஏறாமல் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கை வைத்துப் பார்த்தால் படுத்த இடமும் படுக்காத இடமும் ஒரே மாதிரி. புரண்டால் தடுப்பதில்லை. குழி விழுகிறது, ஆனால் காலையில் நாலு தட்டுத் தட்டினால் போய்விடுகிறது. முதுகுவலிக்கு நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் முதுகுவலி இரண்டு மெத்தையையும் பாரபட்சமில்லாமல் நடத்துகிறது. வலி போய்விட்டது என்று எழுதினால் பொய்க் கணக்கு.

வாசனையைச் சொல்ல வேண்டும். புதுப் பஞ்சுக்குக் காய்ந்த காய் ஓட்டின் வாசனையும், லேசாக ஒரு எண்ணெய் வாசனையும் உண்டு. வெயிலில் போட்டு எடுத்த அன்று அது கூடும். மகள் வந்திருந்தபோது தலையணையில் முகம் வைத்தவள், "ம்மா, இதுல பாட்டி வாசன வருது" என்றாள். கடையிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன தலையணை. அவள் அந்த ராத்திரி ஃபோம் மெத்தையை விட்டுவிட்டு என் பக்கத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

இப்போது குறைகள்.

முதல் குறை எடை. மெத்தை வந்த மறுநாள் அதைத் தெருக்கோடியில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 10.6 கிலோ காட்டியது. துணி வெட்டிய அன்றே அதை மட்டும் எடை போடச் சொல்லிக் குறித்து வைத்திருந்தேன், 1.1 கிலோ. பஞ்சு பத்துக் கிலோ என்றால் மொத்தம் 11.1 வந்திருக்க வேண்டும். அரைக் கிலோ எங்கே? குறிப்புச் சீட்டோடு ஓ.டி.க்குப் போனேன். பாய் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். அடிப்பதற்கு முன் போடுகிற எடை அது, விதை, தூசி, பறக்கிறது என்று கழிவு போகும், எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். அப்படியானால் கழிவு போன பிறகு எடை போட்டு விலை சொல்லுங்கள் என்றேன். "நாப்பது வருஷத்துல மெத்தயத் தராசுல போட்டது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அரைக் கிலோவுக்குப் பதிலாகக் காலுக்கு வைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொடுத்தார். அதை வீட்டுத் தராசில் போட்டதில், துணியோடு 430 கிராம்.

இரண்டாவது, ஒரு மூலையில் தையல் விட்டது. ஆடி மாசம். பஞ்சு வெளியே வந்து கட்டிலுக்கு அடியில் பூனைக்குட்டி மாதிரி உருண்டுகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனதும் கூலி வாங்காமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் போக வர ஆட்டோ 300 ரூபாய் என் செலவு.

மூன்றாவது மழைக்காலம். இது கடைக்காரர் குற்றமில்லை, வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, ஆனால் ஈரம் வந்தது. சுவர், துணி, உப்பு ஜாடி, எல்லாவற்றிலும். பஞ்சு தண்ணீர் குடிக்காது, சரி. மேல் துணி குடிக்கும். பத்து நாள் வெயில் இல்லாமல் போனதில் மெத்தையின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்தது. நாலு நாற்காலியை எதிரெதிரே போட்டு, அதன் மேல் மெத்தையை நிறுத்தி, இரண்டு பக்கமும் விசிறி வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்தார்கள். கார்த்திகை முடிய நான் மறுபடி அந்த ஃபோமில்தான் படுத்தேன். அது ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னை வாங்கிக்கொண்டது.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பஞ்சு நெருப்பைப் பார்த்தால் குபீரென்று பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக இருந்தது. மெத்தை வந்த அன்றே நிறுத்திவிட்டேன். வலை கட்டுகிறோம்.

நான்காவதைக் குறை என்று சொல்வதா என்று தெரியவில்லை. மெத்தையை மாசத்துக்கு இரண்டு தடவையாவது வெயிலில் போட வேண்டும். வெயில் பட்டால் அமுங்கிய பஞ்சு மறுபடி எழும்பும்; காலையில் போட்டதைச் சாயங்காலம் தொட்டால் புது மெத்தை. இதற்கு மாடிக்குக் கொண்டு போக வேண்டும். அத்தை மெத்தையை யார் கொண்டுபோனார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். இருபத்தாறு வயசில் தலையில் வைத்துக்கொண்டு ஒரே ஏற்றாக ஏறிவிடுவேன். அத்தை கீழே நின்று, "சுவத்துல தேய்க்காத" என்று குரல் கொடுப்பார். இன்றைக்கு எனக்கு அறுபத்திரண்டு, இவருக்கு அறுபத்தாறு. அந்த மெத்தையின் மேல் எனக்கு ஆசை வந்த வயசும், அதைத் தூக்கத் தெம்பு போன வயசும் ஒன்றாக இருக்கிறது.

முதல் தடவை இவர் மேலே, நான் கீழே. பத்துக் கிலோ ஒரு கனமே இல்லை. ஆனால் இது பத்துக் கிலோ ஆள் மாதிரி வளையும், எந்த இடத்திலும் பிடி கிடையாது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. இவர் இழுக்க, நான் தள்ள, மெத்தை நடுவில் மடங்கிச் சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையில் செருகி நின்றது. இவர் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "ஏங்க, விடாதீங்க." "நீ தள்ளாத." முட்டி ஒருபக்கம் விண்ணென்று தெறித்தது. கடைசியில் இரண்டு பேரும் விட்டுவிட்டோம். அது எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்றது. அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம். மாடிப்படியில் காற்று நன்றாக வந்தது. இருபது நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து, "ஆன்ட்டி, என்ன பண்றீங்க?" என்று கேட்டான். அவனுக்கு மாசம் இரண்டு தடவை, தடவைக்கு 50 ரூபாய் என்று பேசி முடித்தேன். செமஸ்டர் தேர்வு வந்தால் மெத்தைக்கு வெயில் இல்லை.

அதனால் இந்த வருஷம் பங்குனியில் இவருக்கு ஒரு மெத்தை போடப் போனபோது பாயிடம் வேறு மாதிரி கேட்டேன். ஒரே மெத்தையாக வேண்டாம், இரண்டு துண்டாகத் தைத்து நடுவில் துணி மடிப்பு வைத்து இணையுங்கள், கொக்கி போட்டுக் கழற்றுகிற மாதிரி. அப்படித் தைத்ததில்லை என்றார். பாதிக்குப் பாதி பிரித்தால் மடிப்பு இடுப்புக்கு அடியில் வரும் என்று அவரே யோசித்து, தரையில் ஒரு துணியை விரித்து இவரைப் படுக்கச் சொல்லி, சுண்ணாம்புக் கட்டியால் தொடைக்குக் கீழே கோடு போட்டார். மேல் துண்டு மூன்றேமுக்கால் அடி, ஆறு கிலோ. கீழ்த் துண்டு இரண்டரை அடி, நாலு கிலோ. ஒவ்வொன்றையும் நான் தனியாக மாடிக்குக் கொண்டுபோகிறேன், சுவரில் தேய்க்காமல். கூலி 250 கூடுதல். மடிப்பு இருப்பது ராத்திரி முட்டிக்குத் தெரிகிறது என்று இவர் சொல்கிறார். இரண்டு மெத்தையும் என்னுடையதைப் போல ஒற்றையாக இருந்தால் மாசம் 200 ரூபாய் பையனுக்குப் போகும் என்று கணக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு முட்டியைப் பற்றிப் பேச்சு இல்லை.

இந்த இரண்டாவது தடவை நாலு நாள் என்று சொல்லி ஆறு நாளில் கொடுத்தார்கள். பஞ்சு அடித்த பிறகு எடை போட்டார்கள், நான் கேட்காமலே. விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியிருந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தனியாக இருக்கிறவர்கள், மாடி அல்லது முற்றத்து வெயில் இல்லாத பிளாட்டில் இருக்கிறவர்கள், வீசிங் உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள். டபுள் மெத்தை வேண்டவே வேண்டாம், இருபது கிலோவை யார் திருப்பிப் போடுவது? இரண்டு சிங்கிளாகப் போட்டுக் கட்டிலில் சேர்த்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. ஜிபே உண்டு, ஆனால் மருமகன் இருந்தால்தான். ரசீது கேட்டால் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார், டீ சொல்லுவார்.